அந்தப் பால்காரனிடம் மறுபடி பால் வாங்கினார்களா?

செய்யாத திருட்டுக்காக ஒரு பெண்ணை நான் வேலையை விட்டு அனுப்பினேன். அவர் எடுக்கவில்லை என்பது அந்த மழைக்காலம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. முதலில் செய்ததைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு செய்யாமல் விட்டதற்கு அந்தச் சொல் போதாது.

இது அவரைப் பற்றித்தான். பெயரைப் போடப்போவதில்லை. ஒருமுறை போட்டேன். அதனால் என்ன ஆனது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது நான் மலைத்தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போடியில் வந்து உட்கார்ந்து வெகுகாலம் கழித்து. அவர் மகன் ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்னே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போய், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். அந்த அம்மா ஏலக்காயைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குள்ளமான உருவம். செடிக்கடியில் குனிந்து குனிந்து காய் எடுத்த முதுகு. நிமிர்ந்து நின்றாலும் எதையோ தேடுகிற மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். குளிர்சாதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்வார். கை சும்மா இருக்காது. என் மனைவி வேர்க்கடலைத் தட்டை நீட்டினால், தின்பதற்கு முன்னால் பெரிசு வேறு, சிறிசு வேறு, சொத்தை வேறு என்று பிரித்துவிடுவார். பிறகு சொத்தையை முதலில் தின்பார்.

"நல்லதத் திங்க வேண்டியதுதானக்கா" என்று என் மனைவி கேட்பாள்.

"இத யாரு திம்பா? இதுவும் கடலைதான டீச்சர்" என்பார்.

என் மனைவி, நான் மலையில் இருந்த காலமெல்லாம் போடியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டில் மருமகள் வேறொரு தொடர் பார்ப்பாள் என்பதால், நாங்கள் பார்க்கிற தொடருக்கு வரச்சொல்லி அவரை அழைத்தவள் அவள்தான். முதல் நாள் அவர் வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிந்ததா என்பது நெடுநாள் வரை எனக்குத் தெரியவில்லை. என்னை "அய்யா" என்று கூப்பிட்டார். கரண்டு பில் எடுக்க வருகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணமாகிப் போன சமயத்தில் ஆரம்பித்தது. இப்போது பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஸ்பெக்டராக நடித்தவர்கள் மாறிவிட்டார்கள். வக்கீலம்மா மட்டும் அதே அம்மாதான். தலைமுடிச் சாயம் கூடியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு கதை. முதல் பாதியில் கொலையோ கொள்ளையோ நடந்து, இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்குவார். இரண்டாம் பாதி நீதிமன்றம். கடைசியில் நீதிபதி தீர்ப்பைப் படிக்க, எல்லோரும் எழுந்து நிற்க, பாட்டு வந்துவிடும்.

எனக்கு இதில் ஒரு சோலி இருந்தது. காலை நடைக்குப் போகிற நண்பர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. வழக்கறிஞர்கள், ஏலக்காய் வியாபாரிகள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று போடியில் பாதிப்பேர் அதில் இருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நான் அதில் முந்தைய நாள் கதையை மதிப்பிட்டு எழுதுவேன். துப்பு எப்படி இருந்தது, குறுக்கு விசாரணை எப்படி, தீர்ப்பு சட்டப்படி நிற்குமா என்றெல்லாம் அலசி, கடைசியில் மதிப்பெண் போடுவேன். நான் கல்லூரியில் தத்துவம் படித்தவன். சட்டமும் படிக்கப் புறப்பட்டுப் பாதியில் விட்டவன். டீக்கடையில் நாலுபேர், "சார், இந்த வாரம் ரொம்ப இழுத்துப் புடிச்சிட்டீக மார்க்க" என்றால் அன்றைக்கு எனக்குப் பொழுது நன்றாகப் போகும்.

அவர் வந்த முதல் ஞாயிறு. கதையில் ஒரு பால்காரனைப் பிடித்தார்கள். ஸ்டேஷனில் வைத்து அறைந்தார்கள். அவன் பெண்டாட்டி வாசலில் நின்று அழுதாள். பிறகு கொன்றவன் பால்காரன் இல்லை, செத்தவரின் மைத்துனன் என்று தெரிந்து, வக்கீலம்மா அவனைக் கூண்டில் ஏற்றிக் கிழித்துத் தோரணம் கட்டினார். நல்ல கதை. நான் மனதுக்குள் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடுகிறது. தரையிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பால்காரன்ட்ட மறுபடி பால் வாங்குனாகளா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் காட்டுவார்களா என்று கேட்டார். அடுத்த வாரம் வேறு கதை என்றேன். அவர் தொலைக்காட்சியை ஒரு மாதிரி பார்த்தார், கடைக்காரன் எடை குறைத்துவிட்டது தெரிந்தவர் தராசைப் பார்ப்பது போல.

அப்புறம் ஒரு வாரமும் தவறாமல் அதே கேள்விதான். வாட்ச்மேனைப் பிடித்து விட்டார்களே, அவனை மறுபடி அதே கேட்டில் நிறுத்தினார்களா? மாமியாரைக் கொன்றதாக மருமகளை இழுத்துப் போனார்களே, அவள் திரும்ப அந்த வீட்டுக்குத்தான் போனாளா, போனால் யார் அவளுக்குச் சோறு போட்டது? துப்பறியும் கதைகளில் முதலில் பிடிபடுகிறவன் எப்போதும் குற்றவாளி இல்லை. எழுதுகிறவர்கள் நம்மை ஏமாற்ற நிறுத்துகிற ஆள் அவன். அவனைத் தாண்டித்தான் கதை போக வேண்டும். இதை நான் அவருக்குப் பலமுறை விளக்கினேன்.

"கதையில அவனோட சோலி முடிஞ்சதும்மா. அதான் காட்டல."

"கதைக்கு முடிஞ்சிருக்கும். அவனுக்கு முடிஞ்சிருக்காதுல்ல."

எனக்கு எரிச்சலாக இருக்கும். நீதிமன்றக் காட்சி முழுவதும் அவர் கவனிப்பதே இல்லை. வக்கீலம்மா எவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி கேட்டாலும் அவர் கடலை பிரித்துக்கொண்டிருப்பார். விட்ட ஆள் கூட்டத்தில் எங்காவது நிற்கிறானா என்று மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். நல்ல கதை ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ஓட்டையைக் காட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்வி குறுக்கே வரும். நான் அதை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

ஒருமுறை அவரும் என் மனைவியும் குரங்கணிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். பஸ்சில் ஒரு பெண்ணின் மணிபர்ஸ் காணவில்லை. பின்சீட்டில் வடக்கேயிருந்து தோட்ட வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், சட்டைப் பையைத் தடவினார்கள். கடைசியில் பர்ஸ் அந்தப் பெண்ணின் கூடையிலேயே, தேங்காய்க்கு அடியில் இருந்தது. பஸ்சே சிரித்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டார். அந்தப் பையனிடம் தப்பு என்று சொல்லிவிட்டு வண்டியை எடு என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் முறைக்க, இவர் விடாமல் சத்தம் போட, எல்லோரும் மறுபடி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. மறுபடியும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பயந்து, கொட்டிய சாமானைப் பாதி அள்ளிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். இறங்குகிற இடமே இல்லை அது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு.

காதுகுத்து வீட்டில் அவர் சாப்பிடவே இல்லையாம். திரும்பி வருகையில் என் மனைவியிடம் சொன்னாராம்: "நான் சத்தம் போட்ருக்கக் கூடாது டீச்சர். அவன் பக்கத்துல போயி உக்காந்துருந்தாப் போதும்."

இதை என் மனைவி வந்து சொன்னபோது, கிழவிக்கு எதற்கு ஊர் வம்பு என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

இப்போது மலைக்குப் போகிறேன்.

நான் ஒரு ஏலத்தோட்டத்தில் மேனேஜராக இருந்தேன். முதலாளி கீழே இருந்தார். மேலே நான் வைத்ததுதான் சட்டம். பெண்கள் பகலெல்லாம் செடிக்கடியில் உட்கார்ந்து நகர்ந்து பச்சைக்காய் எடுப்பார்கள். மாலையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போக வேண்டும். காயை உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். உள்ளே தரையோடு பெரிய தகரக்குழாய் ஓடும்; வெளியே அடுப்பில் விறகு எரித்தால் அந்தச் சூடு குழாய் வழியாகப் போய்த் தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். ஸ்டோருக்குள் அடுப்புக்காரரையும் என்னையும் தவிர யாரும் நுழையக் கூடாது. பச்சைக்காய்க்கு ஒரு வாசனை, சூட்டில் உலர்ந்த காய்க்கு வேறு வாசனை. மலையில் இருந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் உலர்ந்த காய் மூட்டை குறைந்தது. நான் யோசித்தேன். அந்தக் காலத்தில் நிறையத் துப்பறியும் நாவல்கள் படிப்பேன். காய் எடுக்கிற பெண்கள் பச்சைக்காயைத்தான் தொடுகிறார்கள். அவர்களில் யாரிடமாவது உலர்ந்த காய் வாசனை அடித்தால், அவர் ஸ்டோர்ச் சரக்கைத் தொட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? இந்த யோசனை தோன்றியதும் எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது. லயத்துக்குப் போய் வீடு வீடாக, போர்த்துகிற கம்பளிகளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எல்லாம் மழையிலும் புகையிலும் ஊறிய நாற்றம். இவர் வீட்டுக் கம்பளி மட்டும் உலர்ந்து மொரமொரவென்று இருந்தது. ஏலக்காய் மணந்தது.

லயத்துச் சனம் முழுக்க வாசலில் நின்று பார்க்க, கம்பளியைத் தூக்கிப் பிடித்து, இது எப்படி என்று கேட்டேன். "நான் எடுக்கல அய்யா" என்றார். எப்படி வாசனை வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இடுப்பிலிருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த மௌனமே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஜீப்பில் இறக்கிவிட்டோம். மலையில் ஒரு தோட்டத்தில் பெயர் கெட்டால் அடுத்த தோட்டத்துக்கு ஆள் போவதற்கு முன்னால் பேச்சுப் போய்விடும். அவர் அதற்குப் பிறகு மலையேறவே இல்லை. தேவாரம் பக்கம் பிறந்த ஊரில் காட்டு வேலை பார்த்துப் பிள்ளையை ஆளாக்கினார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

மூட்டையை எடுத்தவன் முதலாளியின் சொந்தக்காரன். சரக்கு இறக்குகிற ஜீப்பிலேயே கொண்டுபோயிருக்கிறான். குடும்ப விஷயம் என்று முதலாளி அமுக்கிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் பிறந்த ஊர் தோட்டத்து ஆள்கணக்கிலேயே எழுதியிருந்தது; தேவாரம் ஒன்றும் கடல் கடந்து இல்லை.

அந்தப் பெண் இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாரா வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சாம்பிராணிக் கதை வந்தது. ஒரு பெரிய வீடு. பூஜையறையில் வைத்திருந்த நகை காணவில்லை. வீட்டுக்கார அம்மாள் படிக்கட்டில் இறந்து கிடக்கிறார். சமையல்காரிக்குப் பூஜையறைக்குள் போக அனுமதி இல்லை. இன்ஸ்பெக்டர் அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகர்கிறார். சாம்பிராணி வாசனை. உள்ளே போகாதவள் துண்டில் உள்ளே இருக்கிற வாசனை எப்படி என்று தெருவே கேட்கக் கேட்கிறார். அவளை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். இரண்டாம் பாதியில், கொன்றது வீட்டுக்கார அம்மாளின் தம்பி மகன் என்று வக்கீலம்மா நிறுவுகிறார். தீர்ப்பு. பாட்டு.

என் முகம் சுட்டது. இருந்தாலும் பழக்கம் விடாது. கைபேசியை எடுத்து, துப்புத் துலக்கிய விதம் அருமை, பத்துக்கு எட்டு என்று எழுதத் தொடங்கினேன்.

"துண்டுல வாசம் எப்படி வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே" என்றார் அவர்.

"ஆமால்ல" என்றாள் என் மனைவி. "ஏங்க, அதச் சொல்லவே இல்லையே?"

அது சின்ன விஷயம் என்றேன்.

"சின்ன விசயந்தான்" என்றார் அவர். கடலைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, அடுப்பில் பால் பொங்கியதைச் சொல்கிற குரலில் சொன்னார். மலையில் இருந்தபோது அவரிடம் ஒரே ஒரு கம்பளி இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். மழை விடவில்லை. கம்பளி காயவே மாட்டேன் என்றது. ஸ்டோர் அடுப்புக்காரர் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அதை வாங்கிப்போய்ச் சூட்டுக்குழாய் மேல் போட்டுக் காயவைத்துக் கொடுத்தார். அதைப் போர்த்தித்தான் பிள்ளை பிழைத்தது.

"அந்தக் கம்பளிய மோந்து பாத்துட்டுக் களவாணின்னு எறக்கி விட்டாக டீச்சர்."

"நீங்க சொல்ல வேண்டியதுதான, இப்படி இப்படின்னு?"

"சொன்னா அடுப்புக்காரரு சோலி போயிரும்ல. ஸ்டோருக்குள்ள வெளிச் சாமானம் போகக் கூடாது. இப்ப அவரு செத்துப் போனாரு. அதான் சொல்றேன்."

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்க்கா அந்த மேனேஜரு? கூறுகெட்டவன். இன்னும் இருக்கானா?"

"இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "காப்பி நல்லாருந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? ரெண்டு வீடு தள்ளித்தான இருக்காக. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

நான் போகவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஊருக்கே சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. திங்கட்கிழமை காலை, வழக்கமான மதிப்பீட்டுக்குப் பதிலாக, குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். தோட்டம், கம்பளி, வாசனை, என் முட்டாள்தனம், உண்மைத் திருடனைத் தெரிந்தும் நான் மறைத்தது. அவர் பெயரையும் தெருவையும் போட்டு, இவர் குற்றமற்றவர் என்று தெளிவாக எழுதினேன். நல்ல நடையில் எழுதினேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பெரிய மனசு சார். இந்தக் காலத்தில் யாருக்கு வரும் இந்தத் துணிச்சல். கண்ணீர் வந்துவிட்டது ஐயா. எல்லாம் எனக்குத்தான். அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. ஒரு வழக்கறிஞர் அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, அனுப்பியதை என்னிடம் சொல்லி வாழ்த்தினார்.

அந்த வாரமே அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவி இல்லை. கிட்டங்கியில் தரம் பிரிக்கிற அறையின் சாவி அது. காலையில் அவர் போய்த் திறந்தால்தான் மற்றப் பெண்கள் உள்ளே போக முடியும். முதல் தரக் காய் குவிந்து கிடக்கிற அறை. முதலாளி அவரை நம்பிக் கொடுத்திருந்தார். அந்த முதலாளி எங்கள் குழுவில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

"அய்யா, அந்தக் கதைய போன்ல எழுதுனீகளாமே."

"உண்மையத்தானம்மா எழுதினேன். நீங்க எடுக்கலைன்னுதான்..."

"எடுத்தேன்னு இந்த ஊர்ல யாரு சொன்னா?"

அவர் அடக்கமான குரலில்தான் பேசினார். வயசாச்சு ஆத்தா, இனிமே வெரசா வந்து கெடக்க வேணாம், சாவி வேற ஆள்ட்ட இருக்கட்டும் என்று முதலாளி சொல்லி வாங்கிக்கொண்டாராம். சாயங்காலம் வெளியே வரும்போது பெண்கள் மடியை உதறிக் காட்டுவது அங்கேயும் வழக்கம்தான். இத்தனை நாள் இவரைப் பேருக்குக்கூட நிறுத்தியதில்லை. நேற்று நிறுத்தினார்களாம். கூட வேலை செய்கிற ஒரு பெண், ஏக்கா, மலையில என்னமோ நடந்துச்சாமே என்று ஆசையாகக் கேட்டாளாம்.

"எடுத்தேன்னு மலையில வச்சுச் சொன்னீக. எடுக்கலேன்னு இங்க வந்து சொல்றீக. அங்கயில்ல போய்ச் சொல்லணும்?"

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"இத மட்டும் வந்து சொல்லிருக்கலாம்ல அய்யா" என்றார். போய்விட்டார்.

நான் எழுதியதை அழித்தேன். படித்தவர்கள் படித்துவிட்டார்கள். கிட்டங்கி முதலாளியைப் பார்க்கப் போனேன். எழுந்து நின்று வரவேற்றார், டீ வாங்கிக் கொடுத்தார், என்மேல் மரியாதை கூடிவிட்டது என்றார். சாவியைப் பற்றிக் கேட்டதும், "சே, சே, அது வயசுக்காக சார். அந்த விசயத்த நான் மனசுலயே வெக்கல" என்றார். மனதில் வைக்காதவருக்கு எந்த விஷயம் என்று எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு டீ வந்திருக்கும். எதை எடுத்து எதை நிரூபிப்பது? வக்கீலம்மாவுக்குக் கூண்டில் ஏற்ற ஒரு ஆளாவது கிடைப்பான்.

பிறகு பஸ்சில் மலையேறினேன். அந்த வயதில், அந்த வளைவுகளில், வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். தோட்டம் கை மாறியிருந்தது. லயத்தை இடித்துவிட்டு வேறு மாதிரி வரிசை வீடுகள் கட்டியிருந்தார்கள். ஸ்டோரில் கரண்டில் ஓடுகிற எந்திரம். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் மலையாளி, சின்ன வயது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாரே, இவிடே இப்போ எல்லாம் வடக்கேந்து வந்த ஆளுகளாணு. பழைய ஆளு ஒருத்தரும் இல்ல. யார்ட்ட சொல்லணும்?"

அவரிடமே சொன்னேன். அந்த அம்மா எடுக்கவில்லை என்றேன்.

"சரி சாரே. எடுத்திட்டில்ல, எடுக்கல" என்று தலையாட்டினார். "சாய குடிச்சிட்டுப் போகாம்."

இறங்கி வந்து, போனதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வீடு தள்ளிப் போனேன். மருமகள் கதவைத் திறந்து, அத்தை வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். மறுநாளும் அப்படியே சொன்னாள். உள்ளே கடலை உரிக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துத் தரை காலியாகக் கிடந்தது. மகளைப் பார்க்க மதுரைக்குப் போகிற நாள் வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் பயணம். வீட்டைப் பூட்டிவிட்டு, தெருவில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "அக்கா, இந்தா சாவி. செடிக்குத் தண்ணி ஊத்திருங்க. அரிசி டப்பா மூடி லூசு, எலி வருதான்னு பாருங்க" என்றாள். முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது எப்படிச் சொல்வாளோ அப்படி. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்த ஞாயிறு மாலை சாவியைக் கொடுக்க வந்தவர், தொடர் ஆரம்பிக்கும் நேரம் என்பதால், அப்படியே உட்கார்ந்தார். தன் இடத்தில்தான். மனைவி கடலைத் தட்டை வைத்தாள். அவர் பிரிக்கத் தொடங்கினார். கிட்டங்கிச் சாவி அவருக்குத் திரும்பி வரவில்லை. பின்னால் மகனோடு தேவாரம் பக்கமே குடிபோகும் வரையிலும் வரவில்லை.

அன்றைய கதையில் ஒரு ஆட்டோக்காரனைப் பிடித்தார்கள். ஸ்டாண்டில் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் படியில் நின்று அவன் சட்டைப் பொத்தானைத் தேடினான். அதோடு அவனைக் காட்டவில்லை. நீதிமன்றம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு, எல்லோரும் எழுந்து நின்றார்கள், பாட்டு வந்தது.

என் மனைவி அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் சொத்தைக் கடலையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். கேட்கவில்லை.

பாட்டு முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "அந்த ஆட்டோக்காரன் என்ன ஆனான்னு காட்டவே இல்லையேம்மா" என்றேன்.

அவர் திரும்பி, அத்தனை காலத்தில் முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காட்டலேல்ல?" என்றார். "தப்பிச்சான்."